பொருந்துவதும் தகுவதும்

ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அதன் நாயகன் மெர்சோ மீதான வழக்கு கொலை வழக்கு. ஆனால் அரசு வழக்கறிஞர் பெரிதாக எடுத்துவைப்பது, தாயின் அடக்கத்தில் அவன் அழவில்லை என்பதை. கண்ணீருக்கும் கொலைக்கும் தொடர்பில்லை. இருந்தும் அந்தத் துக்கமின்மை படிப்பவரை உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குப் பின்னால் ஒரு நெறி இருக்கிறதா?

ஓர் உணர்ச்சி அதன் பொருளுக்குத் தகுந்ததாக இருப்பதைத் தத்துவவாதிகள் 'தகவு' என்ற கருத்தாக ஆராய்கிறார்கள். 1889இல் வியன்னாவில் ஆற்றிய உரையில் பிரன்ட்டானோ, சரியான அன்புக்கு உரியது எதுவோ அதுவே நல்லது என்றார். நன்மையின் வரையறை பற்றிய தம் நூலில் (1947) ஏ. சி. யூயிங்கும் தகவை அடித்தளமாக வைத்தே நன்மையை விளக்கினார். தகவில் நெறி இல்லையென்றால், அதன்மேல் எழுப்பிய நன்மையிலும் நெறி இருக்காது.

தகவில் நெறி இல்லை என்ற எதிர்வாதம் வலுவானது. கொடூரமான நகைச்சுவைத் துணுக்கைக் கேட்டுச் சிரிப்பது தவறாக இருக்கலாம். அதனால் அதில் சிரிப்பே இல்லை என்றாகிவிடாது. அப்படி முடிவு கட்டுவதைத் தத்துவவாதிகள் டார்ம்ஸும் ஜேக்கப்சனும் 2000இல் 'ஒழுக்கவாதப் பிழை' என்றார்கள். காம்யுவின் வழக்கறிஞர் செய்வது அதன் மறுபுறம்: உணர்ச்சி தவறியதிலிருந்து ஒழுக்கக் குற்றத்துக்குத் தாவுகிறார். ஆக, தகவு வேறு, கடமை வேறு. இங்கிருந்து சிலர் இன்னும் ஓரடி போகிறார்கள். வரைபடம் நிலத்தோடு ஒத்துப்போவதைப் போல, பயம் ஆபத்தோடு ஒத்துப்போகிறது. அவ்வளவுதான், இதில் நெறி எங்கே என்கிறார்கள்.

இந்த அடி சறுக்குகிறது. சாவி பூட்டுக்குப் பொருந்தும். தகும் என்று யாரும் சொல்வதில்லை. தமிழ் இரண்டு சொற்களாக வைத்திருப்பதை இந்த வாதம் ஒன்றாக்கிவிடுகிறது. வரைபடத்தின் பிழை, வழி தேடுகிறவருக்குத்தான் பிழை. துக்கத்துக்கு அப்படிப் பயன் எதுவும் வேண்டியதில்லை. யாருக்கும் உதவாத துக்கமும் தகும், யாருக்கும் தீங்கு செய்யாத பொறாமையும் தகாது போகலாம்.

தன்னை வியக்காவிட்டால் வதைப்பேன் என்று ஒரு பூதம் மிரட்டுவதாக வைத்துக்கொள்வோம். ராபினோவிச்சும் ரன்னோ-ராஸ்முசனும் 2004இல் விரிவாக அலசிய கற்பனை இது. தப்பிக்க வியப்பதற்குக் காரணம் உண்டு. அதனால் பூதம் வியப்புக்குத் தக்கதாகிவிடுமா? ஆகாது. எந்த மிரட்டலாலும் அசைக்க முடியாத அந்த மறுப்பு, வெறும் வருணனையின் குரல் அல்ல.

தகவு எப்போதும் கட்டளையிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல நகைச்சுவைக்குச் சிரிக்காதவர் எதையும் மீறவில்லை. அங்கே அது தருவது அனுமதி மட்டுமே. தாயின் மரணத்தில் அது அனுமதியைவிட அழுத்தமாகக் கேட்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே சூத்திரத்தில் அடக்கும் முயற்சிகள் இந்தக் கட்டுரையாளருக்கு நிறைவு தரவில்லை.

நாவலின் கடைசிப் பக்கத்தில் மெர்சோ தாயை நினைக்கிறான். சாவின் அருகில் விடுதலை பெற்று, மறுபடி வாழத் தயாராக இருந்தவள் அவள். அவளுக்காக அழும் உரிமை எவருக்கும் இல்லை என்று எண்ணுகிறான். துக்கம் தனக்கு வரவில்லை என்ற மட்டில் அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. அது தகாது என்கிறான், காரணத்தோடு.