கடற்கரைச் சரிவில் ஜீப்பை நிறுத்துவது: எந்த ஹாண்ட் பிறேக் பொருந்தும்?

மன்னார்த் தீவு தட்டையான மணல் நிலம். பேசாலையிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை ஓடினாலும் ஹாண்ட் பிறேக்கின் தேவை வராது. கியரில் விட்டு இறங்கிப் போய்விடலாம். அதனாலேயே பழைய ஜீப்புகளில் கவனிப்பாரற்றுச் சாகும் உறுப்பு அதுவாக இருக்கிறது. அது செத்துவிட்டது என்பது தெரியவருவது கடற்கரைச் சரிவில்தான். பின்னால் வள்ளம் ஏற்றிய ட்ரெயிலர், ட்ரெயிலருக்கும் ஜீப்புக்கும் நடுவே குனிந்து கொக்கி மாட்டும் ஒருவர். இரண்டு தொன் இரும்பு ஒரு முழம் உருண்டாலே போதும், ஒரு குடும்பத்தின் உழைப்பு நின்றுவிடும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழையதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போதும் புதியவற்றின் விலை கடற்றொழிலாளிக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பெரிய ரயர், உயர்த்திய ஸ்பிரிங், வேறொரு வாகனத்தின் அக்சில் என்று கராஜில் மாற்றுகிறார்கள். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஹாண்ட் பிறேக்கைப் பாதிக்கும். ஆனால் வேலை பேசும்போது அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பழைய வில்லிஸ் ஜீப்பிலும் லாண்ட் றோவரிலும் ஹாண்ட் பிறேக் சில்லில் இல்லை. நான்கு சில்லுகளுக்கும் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில், பின் ஷாப்ட் புறப்படும் இடத்தில் இருக்கிறது. இதற்கு இரண்டு நன்மைகள். முதலாவது, சில்லு உப்புத் தண்ணீரில் முழுகினாலும் இது வாகனத்தின் நடுவில், சற்று உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது, அக்சிலின் பற்சக்கரம் இதன் பிடியைப் பெருக்கித் தருகிறது. டிபெண்டரில் அந்த விகிதம் 3.54. அதாவது சிறிய ட்றம் ஒன்றின் பிடி சில்லுக்குப் போய்ச் சேரும்போது மூன்றரை மடங்காகிவிடுகிறது.

பலவீனமும் அந்த இடத்திலேயே இருக்கிறது. பிறேக்குக்கும் சில்லுக்கும் நடுவே டிபரன்சல் இருப்பதால், பின் சில்லுகளில் ஒன்று நிலத்தை விட்டுத் தூக்கினால் அது பின்னோக்கிச் சுற்ற, மற்றது முன்னோக்கி உருளும். ஹாண்ட் பிறேக் இறுக்கமாகவே இருக்கும், ஜீப் போய்க்கொண்டிருக்கும். ரயர் மாற்ற ஜாக்கி வைக்கும்போதும், ஒரு சில்லு மணற்குழியில் தொங்கும்போதும் நடப்பது இதுதான். அக்சில் ஷாப்ட் முறிந்தாலும் கதை அதே. ஓடும்போது இதை இழுக்கவும் கூடாது. அந்த மூன்றரை மடங்கு அடி ஷாப்டையும் பற்சக்கரங்களையும் போய்த் தாக்கும். இது நின்ற வாகனத்தைப் பிடித்து வைக்க மட்டுமே.

லாண்ட் றோவர் வைத்திருப்பவர் இதை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ‘பிடிக்கவில்லை’ என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின் ஒயில் சீல் கசிந்து பிறேக் சூ ஒயிலில் ஊறியிருப்பதுதான். சீலையும் சூவையும் ஒன்றாக மாற்றினால் பழைய பிடி திரும்பும். சூவை மட்டும் மாற்றுவது காசைக் கடலில் போடுவது.

ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் பின் சில்லுகளின் ட்றம்மை கேபிள் இழுக்கிறது. டிபரன்சல் பிரச்சினை இதில் இல்லை, ஒவ்வொரு சில்லும் தனித்தனியே இறுகும். ஆனால் கேபிளும், அது முடியும் இடத்திலுள்ள சிறிய நெம்பும் உப்பும் மணலும் தெறிக்கும் இடத்திலேயே இருக்கின்றன. தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் உப்பை இங்கும் கொண்டுவந்து அப்புகிறது. நெம்பு கறள் பிடித்து இறுகினால், பழைய ஹைலக்ஸில் இன்னொரு கேடும் சேரும். ஹாண்ட் பிறேக்கை இழுத்து விடும்போதுதான் பின் பிறேக் சூக்கள் தேய்மானத்துக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். நெம்பு அசையாவிட்டால் அந்தச் சரிசெய்தலும் நின்று, கால் பிறேக்கும் ஆழத்தில் பிடிக்கத் தொடங்கும்.

பின் சில்லுக்கு டிஸ்க் பிறேக் போடுவது இப்போது பலரின் ஆசை. நிறுத்தும் பிடி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கராஜ்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘இதில் ஹாண்ட் பிறேக் எங்கே?’ என்பதைத்தான். கார்களின் டிஸ்க்கில் உள்ள திருகு வகை, சுமையுள்ள ஜீப்புக்குப் பலம் குறைந்தது, மணல் புகுந்தால் இறுகியும் விடும். பிராடோவின் பின் அக்சிலில் உள்ளதுபோல டிஸ்க்கின் குடத்துக்குள்ளேயே சிறு ட்றம் வைத்த வகை கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ட்றம்மோடு இருப்பது நல்லது.

கால் பிறேக்கை மிதித்து, குழாயில் ஒரு வால்வைப் பூட்டி அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் முறையும் உண்டு. மலிவு, பூட்டுவதும் இலகு. ஆனால் சூடான பிறேக் ஒயில் ஆறும்போது அழுத்தம் இறங்கும், சீல்களிலும் மெல்லக் கசியும். மத்தியானம் நின்ற வாகனம் மாலையில் நிற்குமென்று சொல்ல முடியாது. குழாய் வெடித்தால் இரண்டு பிறேக்கும் ஒன்றாகப் போகும். வின்ச் இழுக்கும் சில நிமிடங்களுக்குத் துணையாக இருக்கலாம். ஹாண்ட் பிறேக்கின் இடத்தில் அதை வைக்க முடியாது.

பெரிய ரயர் போட்டவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 28 அங்குல ரயரை 31 ஆக்கினால், அதே பிறேக் நிலத்தில் தரும் பிடி ஏறத்தாழ பத்து வீதம் குறையும். ஸ்பிரிங்கை உயர்த்தியவர்கள் வாகனத்தைத் தூக்கி, அக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு கேபிளைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் கேபிள் விறைத்து நின்றால் ஓடும்போது பிறேக் உரசும், அல்லது ஒருநாள் கேபிள் அறும்.

போரில் கை கால் இழந்தவர்கள் ஓட்டும் வாகனங்களுக்கு வேறு அளவுகோல் தேவை. டாஷ்போர்டுக்குக் கீழே இழுத்து, விடும்போது மணிக்கட்டைத் திருக வேண்டிய பிடி பழைய பிக்கப்புகளில் வரும். விரல்களை இழந்தவருக்கு அது உதவாது. இடது காலால் மிதிக்கும் பார்க்கிங் பிறேக், செயற்கைக் கால் அணிந்தவருக்குப் பொறி. இடது கை இல்லாதவருக்கு நெம்பை வலப்பக்கம், கதவோரம் மாற்றலாம். கேபிள் புது வழியில் போக வேண்டும், வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். நீளமான நெம்பு குறைந்த பலத்தில் இறுகும். இத்தகைய மாற்றங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பின்னால் வரும் சிக்கலைத் தவிர்க்கும்.

இனி கரைக்கு வருவோம். வள்ளத்தை இறக்க ட்ரெயிலரைப் பின்னோக்கி விடும்போது ஜீப்பின் பின் சில்லுகள் தண்ணீரிலும் முன் சில்லுகள் மேலே உலர்ந்த மணலிலும் நிற்கும். ஹாண்ட் பிறேக் பிடிப்பது அந்த ஈரத்தில் நிற்கும் பின் சில்லுகளைத்தான். அவை சுற்றாமலே வழுக்கிப் போகலாம். ஆகவே இறங்குவதற்கு முன் நான்கு சில்லு கியரைப் போட்டு, முன் சில்லின் ஹப்பைப் பூட்டிவிட வேண்டும். டிபெண்டராக இருந்தால் நடு டிபரன்சலைப் பூட்ட வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைந்துவிடுவதால் உலர்ந்த மணலில் நிற்கும் சில்லுகளும் சேர்ந்து பிடிக்கும். செலவில்லாத வேலை, செய்பவர்கள் குறைவு.

தண்ணீரில் இறங்கி வந்த நாளில் நல்ல தண்ணீரால் கழுவி, நெம்பை நாலைந்து தரம் இழுத்துவிட வேண்டும். அன்று இரவு ஹாண்ட் பிறேக்கை இறுக்கியபடி விடக்கூடாது. ஈர ட்றம்மில் சூ கறளோடு ஒட்டிவிடும். தட்டையான இடத்தில் கியரும் கட்டையும் போதும். கட்டை மணலுக்குள் புதைந்துவிடும் என்பதால் அதன் கீழ் அகலமான பலகை வைக்க வேண்டும், இரண்டையும் கயிற்றால் வாகனத்தோடு கட்டி வைத்தால் தேட வேண்டியிருக்காது. சரிவில் அந்தக் கட்டையை எடுப்பவர் நீண்ட கயிற்றால் பக்கவாட்டில் இருந்து இழுக்க வேண்டும், சில்லுக்குப் பின்னால் நின்றல்ல.