பட்டியலும் நேரமும்



பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் மகன், சென்ற முறை அயோத்தியாப்பட்டணம் வந்தபோது வீட்டு இணையப் பெட்டியில் ஒரு விதி எழுதிவிட்டுப் போனான். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பேரனின் போனுக்கு இணையம் வராது.

“ஆபீஸ் ரூட்டர்லயும் இதே மாதிரிதாங்கப்பா” என்று விளக்கினான். யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று ஒரு பட்டியல். ரூட்டர் அதை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. எதுவுமே பொருந்தாவிட்டால் அனுமதி இல்லை. வரியோடு நேர வரம்பும் சேர்க்கலாம். பெரும்பாலும் அது பார்ப்பது முகவரியை மட்டும்தான். வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று அதற்குத் தெரியாது.

மறுநாள் பேரன் கேட்டான்: “நான் ஒரு தப்பும் பண்ணலீங்களே தாத்தா, என் போனை மட்டும் ஏன்?”

அந்தக் கேள்வி எனக்குப் பழைய வரலாறு ஒன்றை நினைவூட்டியது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆங்கிலேய அரசு 1871-ல் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் வட இந்தியாவில்; 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நம் சென்னை மாகாணத்திலும். ஒரு சமூகத்தையே குற்றப்பரம்பரை என்று அறிவித்து, பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்தார்கள். அதனால் மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். பதிவானவர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். கல்யாணமோ சாவோ, வெளியூர் போக ‘ராதாரிச் சீட்டு’ வாங்க வேண்டும். திருடினாரா என்பது கேள்வியே இல்லை. யாருக்குப் பிறந்தார் என்பதே போதும்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

இது மதுரைப் பக்கத்துக் கதை மட்டுமல்ல. அரசின் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் மேல்நாடு குறவர்’, ‘சேலம் உப்புக் குறவர்’ என்ற பெயர்களை இன்றும் காணலாம். நம் ஊர்ப் பெயரே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31-ல். அதற்குள் எத்தனையோ பிள்ளைகள், அப்பா ராத்திரி வீட்டில் இல்லாமலே வளர்ந்துவிட்டார்கள்.

பேரனிடம் சொன்னேன்: “உன் போன் தடை காலையில தானா விலகிடும் கண்ணு. ஏன் போட்டோம்னும் உனக்குச் சொல்லலாம். அவங்களுக்குச் சொல்றதுக்குப் பிறப்பைத் தவிர ஒரு காரணமும் இருக்கல.”

விதியை நான் எடுக்கவில்லை. ஆனால் கண் கெடும், தூக்கம் கெடும் என்று காரணத்தைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டான்.

சேலம், நாமக்கல் பக்கம் உள்ள நண்பர்களே, அந்த இரவு ஆஜரைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருந்தால் எழுதி வையுங்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். பட்ட பாடு இருக்காது.