தூக்குமேடைப் பாட்டும் ஆறு வரிகளும்

விடிந்தால் தூக்கு. கொட்டடியில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். மணியோசை கேட்கிறது. சாவுக்குப் பயமில்லை என்றுதான் நினைக்கிறான். ஆனால் உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது.

அயர்ன் மெய்டன் குழுவின் 'ஹாலோட் பி தை நேம்' பாட்டின் கதை இதுதான். 1982 மார்ச்சில் வந்த 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஹெவி மெட்டல் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பாட்டில் வந்து நிற்காமல் பேச்சு முடியாது.

முதல் சண்டை, குரல் பற்றி. முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. தெருச்சண்டைக்காரன் மாதிரி கரகரப்பான குரல். போதை அவரைக் கவிழ்த்தது. 1981-ல் வெளியே அனுப்பிவிட்டு, 'சாம்சன்' குழுவில் பாடிக்கொண்டிருந்த புரூஸ் டிக்கின்சனைக் கொண்டுவந்தார்கள். டியானோ 2024-ல் காலமாகிவிட்டார். அவர் கட்சிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். "அந்த முரட்டுத்தனம் போச்சே சார்!" என்பார்கள்.

போகட்டுமே! இந்தப் பாட்டை டியானோ பாடியிருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் டிக்கின்சன் கிட்டத்தட்டப் பேசுகிறார். அடங்கின குரல், மணி, மெல்லிய கிட்டார், அவ்வளவுதான். முன்பகுதியின் கடைசி வார்த்தையில் குரலை மேலே தூக்கி, விடாமல் பிடித்து நிற்கிறார். அதுக்கு மேல்தான் மொத்தக் குழுவும் பாய்கிறது. கைதிக்கு விஷயம் உறைத்த நிமிஷம் அது. வரிகள் சொல்லாததை அந்த ஒரு மூச்சு சொல்லிவிடுகிறது. என் ஓட்டு டிக்கின்சனுக்கு.

அடுத்த சண்டை, எழுதியது யார்? ஆல்பத்தில் இருக்கும் பெயர் பாஸ் கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹாரிஸ் மட்டும். டிக்கின்சன் பெயர் அந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டிலும் கிடையாது. பழைய குழுவின் ஒப்பந்தச் சிக்கல்! 'ரன் டு த ஹில்ஸ்' உட்பட மூன்று பாட்டுகளில் தன் பங்கு உண்டு என்று பின்னாளில் சொன்னார். அந்த மூன்றில் நம்ம தூக்குமேடைப் பாட்டு இல்லை.

அப்படியானால் முழுக்க ஹாரிஸ்தானா? இங்கேதான் வில்லங்கம். 'பெக்கெட்' என்று ஒரு பிரிட்டிஷ் குழு. 1974-ல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போனது. அதில் 'லைஃப்ஸ் ஷேடோ' என்று ஒரு பாட்டு. அதிலிருந்து ஆறு வரிகள் கைதியின் வாயில் வந்துவிட்டன என்று 2017-ல் வழக்கு. பல வருஷம் மேடையில் கொடிகட்டிப் பறந்த பாட்டை அந்த வருஷக் கச்சேரியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். 2018-ல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து சமரசம். வழக்குச் செலவுக்கு இது மலிவு என்றுதான் கொடுத்தார்களாம். உரிமை கேட்டவர் அந்த வரிகளை எழுதினார் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். வரிக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம் பவுண்டு!

ரசிகர்கள் இதிலும் இரண்டாகப் பிரிந்தார்கள். வரி கடன், ஆனால் மெட்டும் கட்டுமானமும் ஹாரிஸுடையது என்றது ஒரு கட்சி. கடன் வாங்கினவன் பெயரைப் போட்டிருக்கலாமே என்றது இன்னொன்று. எனக்கு இரண்டாவது கட்சி பேசுவது நியாயமாகப் படுகிறது. ஒரே ஆல்பத்தோடு மறைந்த குழுவுக்கு அந்தப் பெயர்தானே மிச்சம்?

2018 சுற்றுப்பயணத்தில் பாட்டு திரும்ப வந்தது. மேடையில் சிறைக்கம்பி, தூக்குக்கயிறு. கம்பிக்குப் பின்னால் அறுபதைத் தொட இருந்த டிக்கின்சன். அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் குரலை மேலே தூக்கினார்.