லண்டனில் பட்டதாரி விசா: இரண்டு ஆண்டு கையில் இருக்கிறது என்று எண்ணும் முன்

முதுகலைப் படிப்பு முடிந்து, பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அடுத்த வாரமே பெரியம்மாவும் மாமாவும் கேட்கிறார்கள்: "அங்கேயே வேலையா, இல்ல திரும்பி வர்றியா?" அப்பாவின் இபிஎஃப் பணத்தில் ஒரு பகுதியும் அம்மாவின் நகையும் கல்விக் கட்டணமாகப் போன வீட்டில் இது வெறும் விசாரிப்பு அல்ல. போட்ட பணம் எப்போது திரும்பும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது.

பிரிட்டனில் படித்த நம் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில், "கிராஜுவேட் விசா இருக்கு, பார்த்துக்கலாம்" என்பதுதான். அந்த விசா எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

பிரிட்டன் இந்த விசாவை 2021 ஜூலை 1 முதல் வழங்கி வருகிறது. அங்கே மாணவர் விசாவில் படித்துப் பட்டம் பெற்றவர், வேலை கைவசம் இல்லாமலேயே தொடர்ந்து தங்கலாம். சம்பள வரம்பு இல்லை. முதலாளியின் ஆதரவுக் கடிதம் வேண்டாம். படிக்கும்போது இருந்த வாரம் 20 மணி நேரக் கட்டுப்பாடும் போய்விடும். சொந்தத் தொழிலும் செய்யலாம், தொழில்முறை விளையாட்டு வீரராக மட்டும் வேலை செய்ய முடியாது. செமினியிலோ ஜொகூரிலோ உள்ள பிரிட்டிஷ் பல்கலைக்கழகக் கிளையில் முழுப் படிப்பையும் முடித்தவருக்கு இந்த விசா கிடைக்காது. பட்டத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், படித்த இடம் பிரிட்டனாக இருக்க வேண்டும். இங்கே பாதி, அங்கே பாதி என்று படிப்பவர்கள், அங்கே படிக்கும் காலம் போதுமா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிதான் பெரிய விஷயம்

இளங்கலை, முதுகலை முடித்தவர்களுக்கு இதுவரை 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. பிஎச்டி முடித்தவர்களுக்கு 3 ஆண்டு என்பதில் மாற்றமில்லை.

இங்கே கணக்கில் எடுக்கப்படுவது பட்டம் பெற்ற நாள் அல்ல, விண்ணப்பம் போட்ட நாள். 2025 செப்டம்பரில் ஓராண்டு முதுகலையில் சேர்ந்தவரின் ஆய்வேடு 2026 செப்டம்பர் வாக்கில் முடியும், முடிவு வர நவம்பர், டிசம்பர் ஆகிவிடும். பல்கலைக்கழகம் "இவர் வெற்றிகரமாக முடித்தார்" என்று உள்துறை அமைச்சுக்குத் தெரிவித்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அந்த அறிவிப்பு கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தாண்டிப் போனால் ஆறு மாதம் கையைவிட்டுப் போகும். இந்த அணியில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் பிரிவை அக்டோபரிலேயே நச்சரிப்பதில் தவறில்லை.

விண்ணப்பத்தைப் பிரிட்டனுக்குள் இருந்துகொண்டு, மாணவர் விசா முடிவதற்குள் போட வேண்டும். முடிவு வரப் பொதுவாக 8 வாரம் வரை ஆகும். அதற்குள் நாடு திரும்பினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். "தீபாவளிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா" என்று அம்மா அழைக்கலாம், அக்காவின் கல்யாணமாகவும் இருக்கலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது விமானம் ஏறக்கூடாது. முடிவு வந்த பிறகு தாராளமாக வந்து போகலாம்.

கட்டணம் 2025 ஏப்ரலில் 880 பவுண்டாக ஆனது. அதோடு தேசிய சுகாதாரச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே. 2025 கட்டணப்படி 2 ஆண்டுக்கு மொத்தம் 2,950 பவுண்டு. பவுண்டுக்கு ஐந்து ரிங்கிட் என்று குறைத்துப் போட்டாலே 14,750 ரிங்கிட். படிப்புச் செலவைக் கணக்கிடும்போது பல குடும்பங்கள் இதைச் சேர்ப்பதில்லை. பிறகு கடைசி நேரத்தில் கூட்டு சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டி வருகிறது. கட்டணம் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரிட்டன் அரசின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீட்டிக்க முடியாத விசா

இந்த விசாவை ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது. தொடர்ந்து வேலை செய்ய விரும்புபவருக்கு வழக்கமான வழி, ஸ்கில்டு ஒர்க்கர் எனப்படும் திறனாளர் விசாவுக்கு மாறுவது. அதற்கு அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று உங்களை ஸ்பான்சர் செய்ய வேண்டும். 2025 ஜூலை 22 முதல், அந்த வேலை பொதுவாகப் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும், சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டாவது இருக்க வேண்டும். பட்டதாரி விசாவிலிருந்து மாறுவோர் புதியவர்கள் என்ற சலுகையில் 33,400 பவுண்டுக்குச் சேரலாம், அந்தத் தொழிலுக்கென்று வைத்திருக்கும் அளவு அதைவிடக் கூடுதலாக இல்லாவிட்டால்.

சலுகைச் சம்பளத்துக்கு மொத்தம் 4 ஆண்டுதான் வரம்பு, பட்டதாரி விசாவில் கழிந்த காலமும் அதில் சேரும். 2 ஆண்டையும் பட்டதாரி விசாவில் கழித்தவருக்கு மிச்சம் 2 ஆண்டுதான். நிரந்தர வசிப்புரிமைக்கான ஆண்டுகளில் பட்டதாரி விசாக் காலம் சேராது. அந்த உரிமைக்கான 5 ஆண்டையே பொதுவாக 10 ஆக்கும் திட்டத்தை 2025 மே மாதம் வெளிவந்த வெள்ளை அறிக்கை முன்வைத்தது.

ஆகவே முதல் ஓராண்டை அடுமனையிலும் பேரங்காடியிலும் ஓட்டிவிட்டு "அடுத்த வருஷம் நல்ல வேலை தேடலாம்" என்பது ஆபத்தான கணக்கு. அந்த வேலைகளில் கேவலம் எதுவும் இல்லை, வாடகை கட்டியாக வேண்டும். ஆனால் கடைச் சிப்பந்தி வேலைக்கு ஸ்பான்சர் கிடைக்காது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசு இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. வேலைக்கு மனுப்போடும் முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பெரிய நிறுவனங்களின் பட்டதாரிப் பயிற்சித் திட்டங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். படிப்பின் முதல் பருவத்திலேயே மனுப்போடுபவர்தான் உண்மையில் நேரத்தோடு போடுகிறார்.

ஸ்பான்சர் சான்றை விலைக்குத் தருவதாகச் சொல்லும் ஆள்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசுவார்கள். அந்தச் சான்றுக்கான கட்டணத்தை நிறுவனம்தான் ஏற்க வேண்டும், ஊழியரிடம் வாங்குவதற்குத் தடை உண்டு. பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

மாதக் கணக்கு

33,400 பவுண்டு சம்பளத்தில் வரியும் தேசியக் காப்புறுதியும் போக மாதம் சுமார் 2,300 பவுண்டு வரும். 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம், 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு, மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 37.5 மணி நேரம் உழைத்தால் கையில் மாதம் சுமார் 1,780. லண்டனில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே 800 முதல் 1,000 பவுண்டு கேட்பார்கள். ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். முதல் ஆண்டில் வீட்டுக்குப் பெரிதாகப் பணம் வரும் என்று எதிர்பார்த்துக் கடன் தவணையை அதன்மேல் கட்டிவைக்காதீர்கள். பிள்ளை சொல்லத் தயங்கும், நீங்களே கேட்டுவிடுங்கள். பிடிபிடிஎன் பாக்கியும் லண்டன் போனதால் நின்றுவிடாது.

வீட்டு முன்பணம், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு, ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் வசிக்கும் ஜாமீன்தாரர் இல்லாத வெளிநாட்டவரிடம் முன்பு ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது வழக்கமாக இருந்தது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் புதிய வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்க முடியாது. அறையை நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

பலருக்கு எதிர்பாராத அடியாக வருவது கவுன்சில் வரி. முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்கு அந்த வரி இல்லை. படிப்பு முடிந்ததும் அந்தச் சலுகை போய்விடும். நான்கு மாணவர்கள் இருக்கும் வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் பட்டதாரி விசாவுக்கு மாறினால் வீட்டுக்கே வரிச்சீட்டு வரும், ஒரே ஒரு மாணவரல்லாதவர் என்றால் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. சில மாதம் கழித்து மொத்தமாக வந்து நிற்கும் என்பதால் குடிபுகும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் ஓய்வூதியப் பிடித்தமும் இருக்கும். இது நம் இபிஎஃப் போல வீடு வாங்கவோ படிக்கவோ எடுக்கக்கூடிய பணம் அல்ல. ஊர் திரும்பினாலும் அங்கேயே கிடக்கும். 2028 ஏப்ரல் முதல் 57 வயதில்தான் எடுக்கலாம். முதலாளியும் பங்கு போடுவதால் விட்டுவைப்பது லாபமே. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் நிச்சயம் திரும்புகிறவர் யோசிக்கலாம். சேர்க்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும்.

தமிழ் முகம் பார்க்க ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ பக்கம் போகலாம். ஹைகேட் மலையிலும் மேனர் பார்க்கிலும் முருகன் கோயில்கள் இருக்கின்றன. கடைக்காரர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர், நம் பேச்சைக் கேட்டதும் "மலேசியாவோ?" என்பார்கள். வாடகை அறை பற்றிய தகவல் இணையத்தைவிட அந்தக் கடைவாசல்களில் சில சமயம் சீக்கிரம் கிடைக்கும். அங்கே கிடைக்கும் அறைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள், தமிழர் வீடாகவே இருந்தாலும்.