யானைக்கால் மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில் சிதம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து யானைக்கால் மாத்திரை கொடுப்பார். அவர் தெரு திரும்பும்வரை கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்து துப்புவதில் நாங்கள் கில்லாடிகள். பாட்டியிடம் மட்டும் அது பலிக்காது. "என் காலப் பாத்துட்டு அப்புறம் துப்புடா" என்பாள்.

அந்த மாத்திரையின் பெயர் டை எத்தில் கார்பமசின். அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில், எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் 1947-ல் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் இது எனக்குத் தெரியும்.

1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் மூன்றாவது முயற்சியில்தான் தேறியது, அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கியோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார்; வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். கொஞ்ச நாள் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே படிப்புச் செலவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை.

பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகம். உடல் திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க இருவரும் 1925-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும்; நிறத்தின் அடர்த்தியைப் பார்த்துக் கணக்குப் போடலாம். தசைச் சாற்றில் மட்டும் ஒரு தகராறு. நிறம் உடனே வராமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. நானாக இருந்தால் அரை மணி நேரம் விட்டுக் கடைசி ரீடிங்கை எடுத்துக்கொண்டு டிக்கெட்டை மூடியிருப்பேன். நிஜமாகவே இப்படி எத்தனை மூடியிருக்கிறேன்! அவர்கள் தாமதத்தின் பின்னாலேயே போனார்கள். சாற்றில் ஏதோ ஒன்று மெதுவாக உடைந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது. அதுதான் பாஸ்போகிரியேட்டின், தசை அவசரச் செலவுக்கு முடிந்து வைத்திருக்கும் சில்லறை. ஆண்டு 1927. இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அதே சமயம் அதைத் தொட்டிருந்தார்கள். தசை இயங்க லாக்டிக் அமிலமே காரணம் என்ற கருத்து, நோபல் பரிசு பெற்றவர்களுடையது, ஆட்டம் கண்டது. இரண்டு வருஷத்தில் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர இடம் தரவில்லை. 1940-ல் லெடர்லேக்குப் போனார். கம்பெனி வேலை என்றால் கல்விப்புலத்தில் ஒரு இளக்காரம் உண்டு, இன்றைக்கும். ஆனால் ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்ததும், அதைப் போலவே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரினைச் செய்ததும் அந்தக் கம்பெனியில்தான். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துத் தற்காலிகக் குணம் கண்டதாக சிட்னி ஃபார்பர் 1948 ஜூனில் எழுதினார். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53.

அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கும் குட்டிப் புழுக்களைக் கொல்லும். கொசு வழியாக அடுத்தவருக்குப் போவதைத் தடுக்கும். வீங்கிய காலை வற்ற வைக்காது. 1947-ல் கண்டுபிடித்தது, வீடு தேடி எங்கள் தெருவுக்கு வர ஐம்பது வருஷம் ஆனது. பாட்டிக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தன் பங்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, எங்கள் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பாள்.