எக்காள உயிரின் எதிர்ப்பு

மூளையில்லா உயிர் முடிவெடுக்குமா? ஒரே உயிரணுவாலான ஸ்டென்டார் எனும் எக்காள வடிவச் சிற்றுயிர் மீது செந்தூள் பாய்ச்சிப் பார்த்தார், அமெரிக்க அறிஞர் ஜென்னிங்ஸ். முதலில் வளைந்து ஒதுங்கிற்று; பின்னர் வாயோர இழைகளைத் திருப்பிச் சுழற்றித் தூளைத் தள்ளிற்று; தொல்லை தொடரவே சுருங்கி ஒடுங்கிற்று; இறுதியில் பற்றிய இடத்தையே விட்டு நீந்திப் போயிற்று! 1906-இல் வெளிவந்த அவர் நூலில் இதைக் காணலாம்.

1967-இல் சோதித்தோர், “இல்லை” என்றனர், ஜென்னிங்ஸ் ஒதுக்கப்பட்டார். அவர்கள் சோதித்ததோ வேறோர் இனம். ஒட்டி நிற்பதைவிட நீந்தித் திரிவதையே விரும்பும் இனம்! குதிரையை அளக்கக் கழுதையைக் கட்டிய கதையன்றோ இது?

2019-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் உரிய இனத்தையே தேடிப் பிடித்தனர். செந்தூள் பயன்படவில்லை, நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைப் பாய்ச்சினர். ஜென்னிங்ஸ் கண்ட படிவரிசை மெய்யென்று தெரிந்தது. சுருங்குவதா, விட்டு நீங்குவதா எனும் கட்டத்திலோ, காசு சுண்டிப் பார்த்தாற்போல் இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு!