பேசாத கருவியும் 250 ஓமும்



சரித்திரம் என்றால் அரசர்களும் போர்களுமே என்று எண்ணுவோர் பலர். ஒரு சிறிய மின்தடைத் துண்டுக்கும் சரித்திரம் உண்டு. அதனை அறிந்தவனுக்கு அது இன்றைய தொழிற்சாலையிலும் கைகொடுக்கும். இதனையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தொழிற்சாலையொன்றின் கருவிப் பிரிவில் பணிபுரிகிறார். அண்மையில் என்னைக் காண வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. காரணம் வினவினேன். "ஐயா, குழாயின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று எங்கள் கைக்கருவியோடு பேச மறுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை மாட்டினோம், அதுவும் பேசவில்லை. அதை மாட்டிய இளைஞன் மீது பழி விழுந்திருக்கிறது. ஆனால், கட்டுப்பாட்டு அறையில் அழுத்தத்தின் அளவு மட்டும் பிழையின்றித் தெரிகிறது" என்றார்.

அளவு சரியாகத் தெரிகிறது. பேச்சு மட்டும் இல்லை! இப்புதிரை அவிழ்க்க வேண்டுமானால் கருவிகள் பேசக் கற்ற வரலாற்றைச் சிறிது காண வேண்டும்.

முற்காலத் தொழிற்சாலைகளில் அளவுகளைச் சுமந்து சென்றது காற்று. மெல்லிய குழாயில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தம் இருந்தால் அளவு சுழி. 15 பவுண்டு இருந்தால் முழு அளவு. சுழியைக் குறிக்க 3 எதற்கு என்று கேட்பீர்கள். குழாய் உடைந்தால் அழுத்தம் 3-க்கும் கீழே இறங்கிவிடும். அதனால் பழுது உடனே தெரியும். காற்றின் இடத்தை மின்சாரம் பிடித்தபோதும் இந்த நல்ல வழக்கம் மாறவில்லை. 4 மில்லி ஆம்பியர் சுழியாகவும் 20 மில்லி ஆம்பியர் முழு அளவாகவும் அமைந்தன. இம்மின்னோட்டம் 250 ஓம் தடையின் வழியே பாயும்போது அதன் இரு முனைகளுக்கிடையே 1 முதல் 5 வோல்ட் வரை தோன்றும். பதிவுக் கருவிகள் அந்த வோல்ட்டையே படித்தன. அளவைச் சொல்லும் அதே இரு கம்பிகள் கருவிக்கு உணவாகிய மின்சாரத்தையும் ஊட்டின.

ஆனால், இக்கருவி ஒரே ஒரு செய்தியையே சொல்ல வல்லது. "உன் பெயர் என்ன? உன் எல்லை எது? உனக்கு உடல்நலக் குறைவு உண்டா?" என்று அதனைக் கேட்க இயலாது. 1980-களின் நடுவில் அமெரிக்காவின் ரோஸ்மவுண்ட் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. தொலைபேசிக் கம்பிகளில் கணிப்பொறிகள் பேசுவதற்கென முன்பே இருந்த பெல் 202 என்னும் முறையை அது எடுத்துக்கொண்டது. வினாடிக்கு 1200 அதிர்வுகள் கொண்ட ஒலி 1 என்னும் எண்ணையும், 2200 அதிர்வுகள் கொண்ட ஒலி 0 என்னும் எண்ணையும் குறிக்கும். இந்த அதிர்வுகள் பழைய மின்னோட்டத்தின் மேல் சிற்றலைகளைப் போல ஏறிச் செல்கின்றன. அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அடியில் ஓடும் அளவு மாறுவதில்லை. இம்முறைக்கு ஹார்ட் என்று பெயர். பின்னர் இது பிற நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. 1993-இல் இதனைப் பேணுவதற்கெனத் தனி அமைப்பொன்றும் தோன்றியது. தொழிலாளர் கையில் ஏந்திச் சென்று கருவிகளுடன் உரையாடும் கைக்கருவி இம்மொழியையே பேசுகிறது.

இனி, அந்த 250 ஓம் எதற்கு? கருவி தன் மின்னோட்டத்தை ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஏற்றி இறக்கிப் பேசுகிறது. பரந்த ஏரியில் ஒரு குடம் நீரை ஊற்றினால் நீர்மட்டம் உயர்வதில்லை. சிறு தொட்டியில் ஊற்றினால் உயர்வதைக் கண்ணால் காணலாம். மின்சாரம் வழங்கும் பெட்டி ஏரியைப் போன்றது. கருவியின் மெல்லிய குரலை அது விழுங்கிவிடும். இடையில் 250 ஓம் தடை இருந்தால் அந்த 1 மில்லி ஆம்பியர், கால் வோல்ட் அலையாக வெளிப்படும். 50 ஓம் மட்டுமே இருந்தால் அஃது 0.05 வோல்ட்டாகச் சுருங்கும். கைக்கருவியின் செவிக்கு 0.12 வோல்ட்டாவது வேண்டும். ஆதலின் கருவி பேசினாலும் அது கேளாது.

தடை அதிகமாயின் நன்மையும் அதிகமோ? அன்று. 24 வோல்ட் இணைப்பில் 750 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 4 மில்லி ஆம்பியரில் தடை 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். கருவிக்கு 21 வோல்ட் எஞ்சும். 20 மில்லி ஆம்பியரிலோ தடையே 15 வோல்ட்டை விழுங்க, கருவிக்கு 9 வோல்ட்தான் மிஞ்சும். பல கருவிகளுக்கு 10 அல்லது 12 வோல்ட் வேண்டும். ஆகவே, அழுத்தம் குறைந்திருக்கையில் பேசும் கருவி, அழுத்தம் உயர்ந்ததும் பட்டினியால் வாயடைத்துப்போகும்.

இக்கணக்குக்கு அடிப்படையிட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஜார்ஜ் ஓம், தம் விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். தம் நாட்டில் அவர் எதிர்பார்த்த வரவேற்பு கிட்டவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளே பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. எனினும், தடையை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் அப்போதும் இல்லை. அது பிறப்பதற்கு ஒரு பெரிய தோல்வி உதவியது.

1858 ஆகஸ்டு மாதத்தில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் முதல் தந்திக் கம்பி இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய வாழ்த்தில் 98 சொற்கள் இருந்தன. அவை சென்றடைய 16 மணி நேரம் ஆயிற்று! நீண்ட கம்பி மின்சாரத்தைத் தன்னுள் தேக்கி வைப்பதால் குறிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கும் என்பதை வில்லியம் தாம்சன் முன்பே கணித்திருந்தார். மெல்லிய மின்னோட்டத்தையும் உணரும் கண்ணாடிக் கால்வனோமீட்டரை அவர் அமைத்தார். ஆனால், கம்பியின் மின் பொறுப்பிலிருந்த ஒயிட்ஹவுஸ் வேறு வழியை நாடினார். கேளாதவனிடம் உரக்கக் கூவுவதைப் போல, ஏறத்தாழ 2000 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே குறையுள்ள கம்பி மேலும் நலிந்தது. சில வாரங்களில் அடியோடு ஊமையாயிற்று. பெரும் பொருள் கடலில் மூழ்கியது.

பின்னர் விசாரணைக் குழு அமைந்தது. 1861-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அளவின்றி வேலை செய்தல் கூடாது என்பதை அறிஞர் உணர்ந்தனர். அதே ஆண்டில், தாம்சனின் தூண்டுதலால், தடைக்கு அளவுகோல் காணப் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கம் ஒரு குழுவை நிறுவியது. 1866-இல் புதிய கம்பி வெற்றி பெற்றது. 1881-இல் பாரிஸ் மாநாட்டில் ஓம் என்னும் பெயர் உலகப் பொதுவாயிற்று. தாம்சன் கண்ட தேக்கம் இன்றும் உண்டு: ஹார்ட் முறையில் தடையையும் கம்பியின் மின்தேக்கத்தையும் பெருக்கினால் வரும் காலம் 65 மைக்ரோ வினாடியைத் தாண்டலாகாது என்பது விதி.

என் மாணவரிடம் திரும்புவோம். "தம்பி, ஒயிட்ஹவுஸ் செய்ததைச் செய்யாதே, படிப்படியாக ஆராய்" என்றேன். அவர் தம் தொழிலை நன்கு அறிந்தவர். நான் கேட்கக் கேட்க அவரே படிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்து, வால்வைத் தானியங்கு நிலையிலிருந்து கைவச நிலைக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் ஆராய்ச்சியே விபத்தாகலாம். அடுத்து, நன்கு பேசும் வேறொரு கருவியோடு கைக்கருவியை இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பேசினால் கைக்கருவி குற்றமற்றது. மூன்றாவது, டிரான்ஸ்மிட்டரின் முனைகளில் போதிய வோல்ட் உண்டா என அளக்க வேண்டும். நான்காவது, தடையை அளக்க வேண்டும். ஐந்தாவது, கைக்கருவியின் கொக்கிகள் மின்பெட்டியின் முனைகளில் மாட்டப்படாமல், தடையின் குறுக்கே அல்லது டிரான்ஸ்மிட்டரின் முனைகளில் மாட்டப்பட்டுள்ளனவா என்று நோக்க வேண்டும். பிறகு, கருவியின் முகவரி எண் 0 தானா, வேறா என்று காண வேண்டும். கம்பியின் உறை இரு முனையிலும் நிலத்தோடு இணைக்கப்பட்டு இரைச்சலை வரவழைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது படியைச் சொன்னதும் அவர் பேச்சு நின்றது. "ஐயா! சென்ற மாதம் பழைய பதிவுக் கருவியை எடுத்துவிட்டுக் கம்பிகளை நேராக முடிந்துவிட்டோம். அதனுள்தான் 250 ஓம் இருந்தது! இப்போது மிஞ்சியிருப்பது புதிய அட்டையின் 50 ஓம்தான்" என்றார். மறுநாள் 250 ஓம் தடை ஒன்றை இணைத்தார்கள்; கருவி பேசியது. கழற்றி வீசப்பட்ட முதற்கருவியும் பழுதற்றதே. அந்த இளைஞன் மீதிருந்த பழியும் நீங்கிற்று.

இதைக் கேட்டு மகிழ்ந்தேன். கூடவே பழைய நினைவொன்று என்னை வருத்தியது. நான் ஆசிரியப் பணி தொடங்கிய காலத்தில், கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத சிறுவன் ஒருவனைப் பலமுறை பெஞ்சின் மேல் நிற்க வைத்தேன், குரலையும் உயர்த்தினேன். அவனுக்கு இடச்செவி கேளாது என்பதும், நான் அவனை அமர்த்திய இடத்தில் அந்தச் செவியே என் பக்கம் இருந்தது என்பதும் பின்னரே தெரிந்தன. இடத்தை மாற்றினேன்; அவன் விடை சொன்னான். அந்த ஆண்டு முழுதும் அவன் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு நாணமாக இருந்தது.

மாணவர்களே! மௌனமாயிருப்பது கருவியாயினும் மனிதராயினும், அதனைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்குமுன், இடையிலுள்ள வழியை அளந்து பாருங்கள்.